ஒரு செம்புத் தண்ணீர்

இருட்டுவதற்குள் எல்லாம் உறைந்துவிடும் என்று வானொலி சொன்னது. ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் நின்ற குணசீலனின் வீட்டு வண்டியில் சூடாக்கும் வாயு தீர்ந்திருந்தது. குழாயில் தண்ணீர் மிஞ்சினால் உறைந்து வெடிக்கும். மகள் ஆஸ்பத்திரிக்குள் கண் திறக்காமல் கிடந்த இந்த மாதங்களில் அவனுக்கும் மனைவிக்கும் வேறு வீடு இல்லை. குணசீலன் வண்டியின் தண்ணீர்த் தாங்கியை வடித்தான். காற்றடிக்கும் இயந்திரம் கிடைக்காததால் ஒவ்வொரு குழாயிலும் வாய் வைத்து, தலை சுற்றும்வரை ஊதினான். அடியிலிருந்த வடிகுழாயின் அடைப்பை இறுக்கிவிட்டு வண்டிக்குள் ஏறியபோது மனைவி மங்களேஸ்வரி வெறும் செம்போடு நின்றாள். தாங்கியின் வாய் நனைந்திருந்தது. “என்ன வேலையப்பா செய்து வச்சிருக்கிறீர்?” என்றான் அவன். “ஒரு செம்புதான் ஊத்தினனான். பிள்ளை அங்கை அப்பிடிக் கிடக்கேக்கை, வீட்டிலை சொட்டுத் தண்ணியில்லாமல் விடலாமோ?” “வெடிச்சா நாங்கள் எங்கையப்பா போறது?” என்று அவன் கேட்டான். அவள் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் இறங்கி, பனியில் மல்லாந்து வண்டிக்கு அடியில் புகுந்தான். அடைப்பைத் திருகினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். விரல்கள் அதைப் பற்றின. உள்ளே அந்தத் தண்ணீர் மெல்ல அசைவது கேட்டது. அவன் தன் குளிரங்கியைக் கழற்றிக் குழாயைச் சுற்றிக் கட்டினான். அது போதாதென்று தோன்றவே, சட்டையை விலக்கி வெறும் நெஞ்சோடு அதை அணைத்துக்கொண்டு கிடந்தான். “வடிச்சுப்போட்டியளோ?” என்று மேலிருந்து அவள் குரல் நடுங்கியது. இல்லை என்று சொல்லத்தான் பார்த்தான். குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது.