டாங்டுட்டும் தேங்காய்ச் சட்னியும்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் விந்தாரி கைபேசி நேரலையில் பாடிக்கொண்டிருக்க, நான் லுங்கியோடு நுழைந்து சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுவிடுகிறேன். இந்தோனேசியாவின் சுரபாயாக்காரி, தன் நாட்டு மேள இசையான டாங்டுட்டில் தானே எழுதிய பாட்டை இன்றுதான் முதன்முதலாகப் பாடுகிறாள். மடிக்கணினியில் துள்ளிய மேளம் அந்த அலறலில் அமுங்கிப்போகிறது. பதறி அணைக்கிறேன். அதுவரை சோம்பிக் கிடந்த திரையில் இதயங்கள் கொட்டுகின்றன, ரோஜாக்கள் பறக்கின்றன. எல்லாம் எனக்காம்! லுங்கி அண்ணனை மறுபடி மிக்ஸி போடச் சொல்கிறார்கள் என்று அவளே எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஜனங்களுக்குக் காது என்று ஒன்று உண்டா, கட்டைவிரல் மட்டும்தானா? ஜன்னல் வெயிலில் அவள் உதட்டுச்சாயம் மின்னுகிறது; சிரிப்பு அசையாமல் நிற்கிறது.

"கோபமா விந்தாரி?"

"பரவாயில்லை அண்ணா." என்னிடம் கற்ற தமிழ்.

"நிஜத்தைச் சொல்லும்மா."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெர்மனில் சொல்கிறாள்: "ஆமாம், கோபம்தான். உங்கள் மேலும்தான். என் பாட்டை யாருமே கேட்கவில்லை."