ரத்தம் சிந்தினால் முழுக் கட்டணம்

கல்மண்டபத்து வீட்டு சோபாவில் விசைப்படகு முதலாளி ரகுபதி உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் பேனாவும் காகிதமுமாக மச்சான் எழிலன். இருவருக்கும் நடுவே, தரையில் சம்மணம் போட்டு மனைவி கோவிந்தம்மா.

படகு இன்ஜினுக்கு வைத்திருந்த மூன்று லட்சத்தை ஆப்பிரிக்காவில் காட்டெருமை வேட்டைக்குக் கட்டிவிட்டு, ரகுபதி வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

“எருமைதான் ஓடிப்போச்சே மாமா, இன்னாத்துக்குக் காசு?”

“ரத்தம் சிந்திட்டா முழுக் காசும் கட்டணும் மச்சான். அது அங்க சட்டம்.”

“குண்டு பட்டுச்சுன்னு எப்டி தெரியும்?”

“புல்லெல்லாம் ரத்தம்! நா போன எடமெல்லாம் ரத்தம் கீதுன்னா பாத்துக்கோ. தடம் பாக்கறவனுக்குத் தனியா டிப்ஸே குடுத்தேன்.”

“நீ போன எடமெல்லாமா?” கோவிந்தம்மா எழுந்து வந்து அவர் முன்முடியை ஒதுக்கினாள். “இந்தத் தையலு எப்பப் போட்டது?”

“அன்னிக்குத்தான். சுடறப்போ துப்பாக்கி பின்னால வந்து நெத்தியில இடிச்சு...” ரகுபதி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அப்போ மூணு லட்சம் உன் தலைக்கா கட்டிகினு வந்துகீறே?” எழிலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வேட்டைக் கம்பெனிக்கு இதையே எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுடா” என்றாள் கோவிந்தம்மா தம்பியிடம்.

“வாணாம் கோவிந்து, பேட்டையில என் மானம் போயிடும்.”

“உன் மானத்தை வச்சி படகு ஓடுமா?”

எழிலன் டிப்ஸையும் சேர்த்தே திருப்பிக் கேட்டு எழுதியிருந்தான். கையெழுத்துப் போடும்முன் ரகுபதி டிப்ஸ் வரியை மட்டும் அடித்தார்.

“டிப்ஸை மட்டும் உட்டுடு. தடம் பாக்கறவன் ரத்தத் தடத்தைப் புடிச்சுகினே வந்து, கரெக்டா என் முதுகுலதான் முட்டி நின்னான்” என்றபடி, உறையை ஒட்டிக் கொடுத்தனுப்பினார்.