சிக்னல் கிடைக்காத அருவி

"காலைல ஆறுக்குக் கிளம்பினா எட்டுக்குப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் இறங்கினா அருவி," என்று வரைபடத்தில் விரலை ஓட்டினாள் மனைவி.

"அங்க சிக்னல் கிடைக்குமா?" கணவன் கேட்பது இது மூன்றாவது தடவை.

"கிடைக்காது. அதுக்காகத்தானே போறோம்!"

அவன் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலருகே போய் நின்றான். "அடுத்த மாசம் போலாமே."

"அடுத்த மாசம் தண்ணி இருக்காது. ஒரு வாரமா பாக்கறேன், குளிக்கப் போனாலும் போனோடதான் போறீங்க. யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?"

மேஜையிலிருந்த போன் ஒரு பெண்ணின் பெயரோடு மினுங்கியது. அவனுக்கு முந்தி அவள் எடுத்துவிட்டாள். 'இன்னைக்கோ நாளைக்கோ கூப்பிடுவேன். போனை அணைச்சிடாதீங்க.'

"யாரு இவ?"

"பிரசவ வார்டு நர்ஸ்."

"யாருக்குப் பிரசவம்?" அவள் குரல் உடைந்தது.

"பேரு தெரியாது. அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. ஊர்லயே வேற யாருக்கும் இல்லையாம். ஆபரேஷன்ல ரத்தம் தேவைப்பட்டா நான்தான் போகணும். போன வருஷம் கொடுத்துட்டு மயங்கி விழுந்தப்ப, இனிமே கொடுக்கக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கினியே. அதான் சொல்லல."

அவள் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த போன் அலறியது.

"இதோ, வந்துட்டே இருக்கார்," என்றாள் அதில். வரைபடத்தை அப்படியே போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

"முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட போய்த்தான் அன்னைக்கு விழுந்தீங்க. வண்டியை நான் ஓட்டறேன்."