காலில் கட்டிய குரல்

சுடர்விழியின் கணுக்காலில் கட்டியிருந்த காவல் பட்டையை இன்று கழற்றிவிட்டார்கள். ஸ்கூட்டர் திருட்டில் சிக்கியவளைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பாமல் ஒன்றரை வருடம் வீட்டோடு விட்டிருந்ததற்கு அதுதான் நிபந்தனை.

பட்டை பேசும். ஒரு நாளைக்கு நாற்பது முறை கூப்பிடும். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் காலில் சுரீரென்று ஷாக் அடிக்கும்.

யார் குரலை வைப்பது என்று அதிகாரி கேட்டபோது அம்மா கோமளவல்லி யோசிக்கவே இல்லை. எவனோ ஒருத்தன் தன் பெண்ணை அதட்டுவதா? "என்ற குரலையே வெச்சிருங்க சார், புள்ள பயப்பட மாட்டா" என்றாள். வீட்டில் கூப்பிடுவது போலவே, "எங்க இருக்கற கண்ணு? கூட யாரு?" என்று கொஞ்சலாகப் பதிந்தும் கொடுத்தாள்.

"இனி பட்டையைக் கழற்றுற வரைக்கும் நீங்க கண்ணுன்னு கூப்பிடாதீங்கம்மா, குழப்பமாயிடும்" என்றார் அதிகாரி. ஒன்றரை வருடமும் அந்தச் சொல்லை நாக்கிலேயே அடக்கி வைத்திருந்தாள்.

இன்று பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினாள். ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்ற மகளிடம் தட்டோடு போய், ஆசை தீர, "சாப்பிட வா கண்ணு" என்றாள்.

சுடர்விழியின் கால் வெடுக்கென்று மடங்கியது. திரும்பிப் பார்க்காமல், மூச்சு விடாமல் பதில் சொன்னாள்:

"ஊட்ல இருக்கறனுங்க. தனியாத்தான் இருக்கறனுங்க. கூட யாருமே இல்லீங்க."