எஸ்தரின் வலது கால்

வியாசர்பாடி தேவசகாயத்துக்கு மூன்றாவது ஆட்டத்தில்தான் சந்தேகம் தட்டியது. உலகக் கோப்பை குரூப் சுற்றில் அவர் மகள் எஸ்தர் இந்தியாவின் கோல்கீப்பர். இதுவரை ஒரு கோல்கூட விடவில்லை.

"இவளுக்கு பீச்சாங்கால்தானே பழக்கம்? இன்னாமே, சோத்தாங்காலாலயே ஒதைக்கிறா?"

"கோச்சு மாத்திருப்பாரு. பெத்த பொண்ணு ஜெயிச்சாலும் நொட்ட சொல்லு!" என்றாள் மனைவி ரூபாவதி.

இப்போதெல்லாம் டிவி அந்தந்த வீட்டு மனசுக்குத் தகுந்த மாதிரிதான் ஆட்டத்தைக் காட்டும். கூச்சலையும் கலரையும் மட்டும்தான் கூட்டுகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தேவசகாயம் பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அங்கே எஸ்தர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தாள். இவர் வீட்டு ஆட்டத்தில் பெனால்டியே கிடையாது.

உள்ளே வந்து போனை எடுத்தார். ரூபாவதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோப்பை முடியற வரைக்கும் போன் போட மாட்டோம்னு மாதாகிட்ட நேர்ந்துனுகீறோம்!"

"மாதாகிட்ட நா பேசிக்கிறேன், உடு."

"அவ கிரவுண்டுல நிக்கிறாய்யா. யாரு எடுப்பா?"

"எடுக்கலேன்னா சந்தோசம்தான்."

ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள் எஸ்தர்.

"எங்கம்மா கீற?"

"ஆஸ்பத்திரிலப்பா. மொத ஆட்டத்துலயே முட்டி போச்சே, பாக்கலியா? ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு போனாங்க. ஆபரேசனும் முடிஞ்சிடுச்சு." அவள் குரல் உடைந்தது. "ஸ்டேடியமே பாத்துச்சு, நம்ம வீட்லேர்ந்து ஒரு போன் வரல. கோவமாப்பா?"

டிவியில் எஸ்தர் பந்தைக் கட்டிப்பிடித்து உருண்டாள். ரூபாவதி எழுந்து நின்று கை தட்டினாள்.