உச்சியை முதலில் தொட்டது

விடிந்ததும் விடியாததுமாக ஒரு ஜோடி ஷூ மலையேறக் கிளம்பியது. சின்ன மலைதான், ஆனால் செங்குத்து. மரங்களுக்கு அடியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடந்தது.

"உச்சியை முதல்ல தொடப்போறது நான்தான்!" என்றது இடது ஷூ.

"ஆசையைப் பாரு! நான்தான் உனக்கு முன்னால இருக்கேன்," என்றது வலது.

"இப்போ?"

"இதோ, மறுபடியும் நான்!"

உள்ளே இருந்த கால்கள் தம்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

பாதி வழியில் ஒரு பாறைமேல் பனி கண்ணாடி போல உறைந்திருந்தது. முந்துகிற அவசரத்தில் இடது அதன்மேல் பாய்ந்து சர்ரென்று வழுக்கியது. பக்கத்திலேயே பள்ளம். வலது ஒரு மரவேரில் அழுந்த ஊன்றிக்கொண்டு, "அசையாதே, நான் இருக்கேன்!" என்று கத்தியது. இடது மெல்லத் தரைக்குத் திரும்பியது.

"பயந்துட்டியா?"

"நானா? நீதான் நடுங்கினே. வா வா, உச்சி தெரியுது!"

உச்சியில் ஒரு குட்டி முருகன் கோயில். கடைசிப் படிகளுக்குக் கீழே கால்கள் நின்றன. ஷூ இரண்டையும் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலாகவே பனியில் மேலே போய்விட்டன.

மேலே மணி அடித்தது. கீழே இரண்டு ஷூவும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் கால்கள் சில்லிட்டுத் திரும்பி வந்து உள்ளே நுழைந்துகொண்டன. "அப்பாடா!" என்றன.

"சரி," என்றது இடது, "அடிவாரத்தை முதல்ல தொடப்போறது நான்தான்!"