நாற்பத்தொன்றாம் பக்கத்துப் புள்ளி

தூரிகையை எடுத்துப் பார்த்தபோது புள்ளி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃபோஸ்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். நானூறு வருஷத்துப் பாட்டுச் சுவடி. நாற்பத்தொன்றாம் பக்கம், மூன்றாவது வரி. ஸ்வரத்தை அடுத்து, புள்ளி இருந்த இடத்தில் வெறும் தாள்.

உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். மை இல்லை. ஈயின் எச்சம்.

இத்தாலியில், மொதெனா நகரத்தின் இந்தக் காப்பகத்தில் இருபது வருஷமாகத் தூசி தட்டுகிறாள். ஒரு தாளைக்கூடக் கெடுத்தவள் இல்லை.

ஸ்வரத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதை அரைப்பங்கு நீட்டிப் பாட வேண்டும்; அந்தப் புள்ளிதான் இந்த ஸ்வரத்தை நீட்டியது. அந்த நீட்டலைப் பற்றித்தான் பேராசிரியர் கெரார்தி தன் பெரிய புத்தகத்தை எழுதினார். எங்கெங்கோ இருக்கிற பாடகர் குழுக்கள் எல்லாம் இன்று அந்த இடத்தில் கொஞ்சம் ஏங்கி நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குகின்றன.

அவரோடு கூடப் படித்த இவோ மலகோலி மட்டும், அது புள்ளியே இல்லை, அழுக்கு என்றார். கருத்தரங்குகளில் அவரைச் சிரித்தே விரட்டினார்கள். பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குழல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார்.

கெரார்தி ஒவ்வொரு அக்டோபரும் வந்து அந்தப் பக்கத்தைக் கேட்பார். இன்று பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஃபோஸ்கா பக்கத்தைத் திறந்து வைத்தாள். அருகில் ஒரு கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். அதன்மேல் அந்தக் கரும்பொட்டு. கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு முதுகை நாற்காலியில் சாய்த்து, நெடுந்தூரம் சுமந்து வந்த பெட்டியை இறக்கியவர்போல மூச்சு விட்டார்.

"பயப்படாதம்மா. விழுந்துருச்சான்னு பாக்கத்தான் வருஷா வருஷம் வர்றேன். புத்தகம் வந்த மறு வருஷமே அது அழுக்குன்னு எனக்குத் தெரியும். நானே தட்டிவிடத்தான் கை வரல."

மேசையில் இருந்த தொலைபேசியைக் கேட்டார். எதையும் பார்க்காமல் எண்களை அழுத்தினார்.

மறுமுனையில் கோழிகள் கொக்கரிப்பது ஃபோஸ்காவுக்கே கேட்டது. பிறகு ஒரு கிழவரின் குரல், யார் என்றது.

"இவோ, நான் அமெதேயோ" என்றார் கெரார்தி. கண்ணாடித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.



"விழுந்துருச்சாடா?" என்றது அந்தக் குரல்.